வெங்கச்சாங்கல் ஓடிய கிணறு

எங்கள் கிணற்றில் தங்கம் இருக்கிறது என்று முதலில் சொன்ன வாயை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சொன்னது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

ராசிபுரத்துக்குத் தெற்கே நாங்கள் வெள்ளாமை செய்கிற காடு. கருங்கல்லை வெடி வைத்து உடைத்த கிணறு. அதன் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு வெங்கச்சாங்கல் பட்டை கருங்கல்லைக் கிழித்துக்கொண்டு கிழக்கே பார்த்து ஓடும். அந்தப் பட்டையின் வெடிப்பில்தான் ஊற்று. சித்திரை வெயிலிலும் மாடு பூட்டிக் கவலை இறைத்து மிளகாயும் மஞ்சளும் போட்டோம் என்றால் அந்த ஒரு ஊற்றை நம்பித்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை கூத்தும்.

உலகச் சண்டைக் காலம் அது. கிணற்றைத் தூர்வாரியபோது பட்டையில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மஞ்சளாக மினுமினுப்பு, நடுவே களிம்பு பிடித்த மாதிரி பச்சை.

“ஏம்புள்ள, இங்க பாரு, தங்கம்!”

“தங்கமுமில்லீங்க, தவிடுமில்லீங்க. அதைக் கடாசிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க” என்றேன்.

என் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது? கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு சேலத்துக்குப் போய் யார் யாரிடமோ காட்டினார். கொஞ்ச நாளில் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் களத்தில் கூடாரம் அடித்தார்கள். அவர்களுக்கு ஒரு ஆபீசர், மதராஸ்காரர், கையில் எப்போதும் சுத்தியல்.

மஞ்சளாக மினுக்குவது தங்கமே இல்லை, செம்புக் கல் என்றார் அவர். பச்சை அதன் களிம்பாம். சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக உடைவது ஈயமாம். தங்கமும் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூளாக. கல்லை இரும்பு உரலில் இடித்து, தட்டில் போட்டு அலசிக் காட்டினார். தட்டின் ஓரத்தில் ஒரு கோடு ஒதுங்கியது. குங்குமப் பொட்டில் பாதிகூடத் தேறாது. அதைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மேற்கே கரட்டுக் குன்றடியில் ஆடு விழுகிற பழைய குழி ஒன்று உண்டே, அதுவும் இதே பட்டையைத் தேடி ஒரு வெள்ளைக்காரர் வெட்டியதாம்.

“அப்பறம் ஏனுங்க அந்தத் தொரை உட்டுட்டுப் போனாரு?” என்று கேட்டேன்.

“அவர் ஆழமாப் போகலைம்மா” என்றார் ஆபீசர்.

பட்டை கிழக்கே சாய்ந்து இறங்குகிறது, கீழே தடிக்கலாம், கிணற்றை இறைத்துவிட்டு உள்ளேயே வெட்டலாமா என்று கேட்டார். மிளகாய் காய்க்கிற பருவம். கிணற்றைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் சொன்ன யோசனையைக் கேளுங்கள்.

“கெழக்கால தம்பி காடுங்க. பள்ளமான எடம். அங்க வெட்டுங்க.”

கொழுந்தனாருக்குக் கிணறே கிடையாது, வெறும் மானாவாரி. இருக்கிற ராகியையும் அழித்துவிடுவார்களே என்று அவர் பெண்டாட்டி அழுதாள். இவர்தான் போய் நயந்து பேசிச் சம்மதிக்க வைத்தார்.

எங்கள் கிணற்றை விட ஆழமாகக் குழி இறங்கியது. பட்டையைத் தொட்டதும் தண்ணீர் பீறிட்டது. இஞ்சின் கொண்டுவந்து இரவும் பகலும் இறைத்துப் பள்ளத்தில் விட்டார்கள். இங்கே எங்கள் கிணறு வற்றிக்கொண்டே போனது. வயிறு எரிந்து ஆபீசரிடம் ஓடினேன்.

“எங்க ஊத்து நின்னு போச்சுங்களே!”

“இஞ்சினை நிறுத்தினா திரும்பிடும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

பொறுத்தோம். கல் மூட்டை மதராஸ் போனது, பதில் வந்தது. கீழே பட்டை நூலாக மெலிந்துவிட்டதாம். ஈயமும் செம்பும் பேருக்குத்தான், தங்கம் இடிக்கிற கூலிக்குக்கூடக் காணாதாம். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆபீசர் பொய் சொல்லவில்லை, தண்ணீர் திரும்பத்தான் செய்தது. ஆனால் கொழுந்தனார் அந்தக் குழிமேல் கவலை பூட்டிவிட்டார். பூட்டாமல் என்ன செய்வார்? அவர் காடு, அவர் குழி. அவர் இறைக்க இறைக்க எங்கள் ஊற்று அங்கே வடிந்தது. நாங்களும் ஆழப்படுத்தலாம் என்றால், பட்டை சாய்ந்து அவர் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு நேர் கீழே வெறும் கருங்கல். வெடி வைத்ததுதான் மிச்சம். மிளகாய்ச் செடி நின்ற நிலையில் காய்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் குடிக்கிற தண்ணீருக்கும் குடத்தோடு அங்கேதான் போய் நின்றேன். கொழுந்தனார் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து குடத்தை வாங்கினாள்.

“ஏனுங்கக்கா, இதுக்கெல்லாமா கேக்கோணும்? மாமா மட்டும் அன்னிக்குச் சொல்லலீன்னா எங்களுக்கு ஏதுங்க இந்தக் கெணறு? அவரு நல்லா இருக்கோணும்.”

மனசாரச் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு மொண்டு இவர் முன்னால் வைத்தேன்.

“குடிங்க. நீங்க வெட்டிக் குடுத்த கெணத்துத் தண்ணி.”

அவர் சொம்பைத் தொடவில்லை. எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. நானே எடுத்துக் குடித்தேன்.