வன்ஸ்மோர்

போன கிழமை மகள் என்னைக் கிளிநொச்சியில் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியதும் நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். "என்னப்பா, மழை வருமோ?" என்றாள். வந்தால் நல்லது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் வன்னியில் நாங்கள் முகில் மூடிய மப்பு வானத்துக்குத்தான் நேர்ந்து கிடந்தோம். வானம் வெளித்தால் குண்டு போடப் பொம்மர் வரும். ஆகவே எந்த நிகழ்ச்சியும் பின்னேரம், மரங்களுக்குக் கீழே, பொழுதுபட முன் முடிந்துவிடும். அப்படி ஒரு நாள்தான் உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வளவில் அந்தப் பொப் பாடகர் பாட வந்தார். எங்கள் தகப்பன்மாரின் இளமைக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர்; இடம்பெயர்ந்து வந்து எங்களோடு நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர். தலைமயிர் மட்டும் கருகருவென்று இருந்தது. பழைய பற்றரியை உடைத்த கரி என்று ராசேந்திரன் சத்தியம் செய்தான்.

ராசேந்திரனும் நானும் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்த குடும்பம் அவனுடையது. தகப்பன் இல்லை, தாய்க்கு இவன் ஒரே பிள்ளை. பலகையைக் கண்டால் தாளம் போடுவான். மனேச்சர் ஏசினால் மேசைக்குக் கீழே போடுவான்.

ஜெனரேற்றர் சத்தத்தில் பொம்மரின் இரைச்சல் கேட்காது. அதனால் கால் மைல் தள்ளிக் குளக்கட்டில் ஒருவன் காது கொடுத்து நிற்கவேண்டும். அங்கே மருதமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. இரைச்சல் கேட்டால் அதை அடித்துவிட்டுப் பதுங்குவதற்கு வெட்டிய பக்கத்துப் பங்கருக்குள் குதிப்பது ஏற்பாடு. நண்பர்கள் நாலு பேருக்கும் முறை பிரித்திருந்தோம். ராசேந்திரனுடைய முறை முடிந்து நான் போனபோது, நான் காத்திருந்த பாட்டின் முதல் இசை காற்றில் வந்தது. காலையில் இருந்த மப்பு அப்போது ஒரு பொட்டும் இல்லை.

"மச்சான், இந்த ஒரு பாட்டு. முடிய ஓடி வாறன்" என்றேன்.

"போடா போ. வந்து எனக்குப் பாடிக் காட்டவேணும், சரியோ?"

ஓடினேன். கிழவர் சும்மா பாடவில்லை, ஆடினார். வயலில் இருந்து வேட்டியை மடித்துக்கட்டியபடி வந்த கமக்காரர்கள்கூட எழுந்து ஆடினார்கள். பாட்டு முடிந்தது. நான் திரும்பிப் போயிருக்கவேண்டும். "வன்ஸ்மோர்!" என்று முதலில் கத்தியது நான்தான். பிறகு வளவே கத்தியது.

இரண்டாம் தரம் பாடும்போது தூரத்தில் டாங், டாங் என்று கேட்டது. பாட்டின் தாளத்தோடு ஒட்டித்தான் வந்தது. சனம் கூடக் கைதட்டியது. உங்களிடம் மறைத்து என்ன, அந்த இரும்பின் சத்தம் நன்றாகத் தெரிந்த நானே, கள்ளன் அங்கேயும் தாளம் போடுகிறானே என்று சிரித்தேன்.

தாளம் குழம்பியது. அவன் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தான். பாடகர்தான் மைக்கை எறிந்துவிட்டு "ஓடுங்கோ!" என்று கத்தினார்.

வளவில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. குண்டுகள் குளக்கட்டில் விழுந்தன. பங்கர் அவனுக்குப் பத்தடியில் இருந்தது. நாங்கள் ஓடத் தொடங்கும்வரை அவன் அடிப்பதை நிறுத்தவில்லை.

எட்டாம் நாள் அவனுடைய தாயிடம் போனேன். முறை என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அங்க அவனுக்குப் பாட்டு கேட்டுச்சாப்பா?" என்றார்.

"ஓம் அம்மா. நல்லாக் கேட்டது. அவன்தான் தாளம் போட்டவன்."

அழுத முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்: "எம்புள்ள அந்தப் பாட்டுக்காரருக்குத் தாளம் போட்டான்." ஒவ்வொரு வருடமும் உண்மையைச் சொல்லப் போனேன். ஒவ்வொரு வருடமும் அவர் அதைச் சொல்லக் கேட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாரியில் அவரும் போய்விட்டார். கடைசிவரை நான் சொல்லவில்லை.