விழுங்காத பீர்

பீர் ஆலையில் வேலை என்றால் நாள் முழுக்கக் குடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து பாருங்கள். நாள் முழுக்கக் கழுவிக்கொண்டுதான் இருப்போம். பால் குடிக்கிற பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, அதை வெளியே சொல்லாமல் வேலைக்குப் போனவர்களுக்கு மீதிக் கதை சொல்லாமலே புரியும்.

மூடியைத் தூக்கிய டிரம்

எங்கள் ஆலை பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் அது மாம்பழக் கூழ் ஃபேக்டரி. ஒரு வருஷம் காய் அளவுக்கு மீறி வந்து, மூலையில் மறந்துபோன டிரம் ஒன்று தானாக நுரைத்து மூடியைத் தூக்கி எறிந்ததாம். முதலாளியின் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மகன் முகர்ந்து பார்த்துவிட்டு, பீர் காய்ச்சும் படிப்புக்குக் கிளம்பிவிட்டார். இன்றைக்கு மாம்பழ பீர், வெல்ல பீர், ராகி பீர், சாதா பீர் என்று நாலு. எங்களுக்குக் காய் போடும் விவசாயி ஒருவர் லோடு இறக்கும்போதெல்லாம் என்னிடம் சொல்வார்: "எங்க ஊட்ல புளிச்சா குப்பையில கொட்றோம். இங்க புளிச்சா பாட்டில்ல ஊத்தி விக்கிறீங்க. நல்லா கீது மேடம்."

பத்து மணி கிளாஸ்

லேபில் சேர்ந்தபோது மகளுக்கு ஏழு மாதம். கணவருக்குத் திருப்பதி ஓட்டல் வேலை போயிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும். முன்பு போன இரண்டு இண்டர்வியூவிலும், குழந்தை என்றதும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இங்கே நான் வாயே திறக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு டாங்க்கிலிருந்தும் ஒரு கிளாஸ் பிடித்து, எல்லோரும் குடித்துப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பால் கொடுக்கிறவள் எப்படிக் குடிப்பது? கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர் ஊட்டிய மீன் எண்ணெயைக் கன்னத்தில் அடக்கி, குரோட்டன்ஸ் செடியில் துப்பிய பழக்கம் கைகொடுத்தது. வாஷ்பேசின் ஓரமாக நின்றுகொள்வேன். துப்பிவிட்டு நாலு தரம் கொப்பளிப்பேன். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து நானும் "நன்று" என்று எழுதுவேன். டாங்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் ராமகுப்பத்து முனிரத்தினம் அண்ணன், ஒருநாள் கிளாஸ் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நீ துப்பித் துப்பி வாஷ்பேசினுக்கு மப்பு ஏறிக்கினு கீதும்மா. பயப்படாத, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வெண்ணெய் வாசம்

மூன்றாம் மாதக் கடைசி. அன்று எல்லோரும் மாம்பழ பீரை முதலில் குடித்துவிட்டு ராகி பீருக்கு வந்தார்கள். அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. "சூப்பர்" என்றார்கள். மறுநாள் பாட்டிலில் அடைக்க வேண்டும். எனக்கோ மூக்கருகே கொண்டுபோனதுமே வெண்ணெய் உருக்குகிற வாசம். அப்படி வந்தால், பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். அடைத்தால் அத்தனையும் வீண். சொன்னால், எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டு என்பார்கள்; அப்போது துப்ப முடியாது. "நன்று" எழுதப் பேனாவை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். "சார், வெண்ணெய் வாசம் வருது" என்றேன்.

முதலாளி தன் கிளாஸை நீட்டினார். "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"குடிக்க முடியாது சார். வீட்ல பாப்பா பால் குடிக்குது. இண்டர்வியூல மறைச்சுட்டேன்."

வாசம் கிளம்பட்டும் என்று அவர் கிளாஸை வெந்நீரில் வைத்தார். சூடேறியதும் முகர்ந்தார். நெய்க் கடைக்குள் நுழைந்தது போல் அடித்தது. டாங்க் இன்னும் நாலு நாள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பர்லேது, பரவால்ல. குடிக்கிறதுக்கு இங்க ஆள் ஜாஸ்தி, மூக்குக்குத்தான் ஆள் இல்ல. பாப்பா பேர் என்ன?"

அவளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிற இப்போதும், அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் நன்றி சொல்லத் தோன்றுகிறது. நான் முகர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகே இப்போதெல்லாம் மற்றவர்கள் கிளாஸை வாயில் வைக்கிறார்கள்.

நாலு பீருக்கும் தினம் நற்சான்று கொடுக்கிற எனக்கு, அதில் ஒன்றாவது தொண்டையில் எப்படி இறங்கும் என்று இன்றுவரை தெரியாது.