ஒரு கிணறு, இரண்டு பதிவு

சண்டிலிப்பாயில் ஒரு விவசாயிகள் சங்கம் விதை உருளைக்கிழங்குக்கான பதிவை இணையப் பக்கத்துக்கு மாற்றியது. அதன் தமிழைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. ‘சமர்ப்பித்தலை மேற்கொள்ளவும்’ என்றிருந்த பொத்தானை ‘அனுப்பு’ ஆக்கினேன். பத்திரிகையில் பிரதி திருத்திய காலத்தில் வந்த பழக்கம்.

பக்கத்தைச் செய்தவர் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்திருந்த இளம் பெண். வளர்ந்தது சாவகச்சேரிப் பட்டினத்தில், வீட்டுக்கொரு கிணறு உள்ள தெருவில். அவருடைய படிவத்தில் மேலே விவசாயி, அடுத்துக் கிணறு, கீழே காணித் துண்டுகள். அனுப்புவது ஒரே பக்கம். உள்ளே அது மூன்று அட்டவணைகளாகப் பிரியும். எந்தக் காணி யாருடையது, எந்தக் கிணற்றில் இறைப்பது என்ற தொடுப்பு அவற்றுக்கிடையே அறாமல் இருக்க வேண்டும்.

பதிவு மூடும் நாள் மத்தியானம் சங்கக் கட்டடத்தில் இருந்தோம். தோட்டத்திலிருந்து நேரே வந்த ஓர் அக்கா, கால் மண்ணை வாசலில் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்லப் பெண் தட்டி அனுப்பினார். கிணற்றுக் கட்டில் சங்கம் பெயின்ட்டால் எழுதிய இலக்கத்தைக் காட்டி, ‘இந்தக் கிணறு ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்றது திரை.

“ஓம், காலமை அண்ணை பதிஞ்சிட்டுப் போனவர். அதுக்கென்ன?”

“ஒரு கிணறு ஒராளுக்குத்தான் எண்டு வச்சிட்டன், அக்கா.”

“ஆர் சொன்னது? பாதி எனக்குச் சீதனத்திலை எழுதினது. நீர் என்ன, அண்ணையின்ரை ஆளோ?”

பெண் சிரித்தபடி அதையே மறுபடி அனுப்பிப் பார்த்தார். இம்முறை அக்காவின் அடையாள அட்டையே ஏற்கெனவே பதிவாகியிருப்பதாகத் திரை சொன்னது. முதல் முயற்சியில் பெயர் மட்டும் உள்ளே போய்விட்டது. கிணற்றில் தடக்குப்பட்டதால் காணிகள் போகவில்லை. விதை கொடுப்பதோ காணியின் பரப்புக்கு ஏற்ப. திரையைப் பொறுத்தவரை அக்கா காணியில்லாத விவசாயி.

“பிள்ளை, நிலம் பண்படுத்தி வச்சிருக்கு. கிழங்கு கிடைக்காட்டி இந்தப் போகம் சும்மாதான் கிடக்கும்.” இப்போது அவர் குரலில் பகிடியோ சிரிப்போ இல்லை.

பெண் மடிக்கணினியை இழுத்துக்கொண்டார். அரைகுறைப் பதிவை நீக்கினார். கிணற்றை ஒருவருக்குக் கீழே வைக்காமல் தனியாக வைத்தார்: இருக்கும் கிணற்றைத் தெரிவு செய்யலாம், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கலாம். பிறகு, பெயரும் கிணறும் காணியும் ஒருசேரப் பதிவாக வேண்டும், ஒன்று தடக்குப்பட்டால் ஒன்றுமே பதிவாகக்கூடாது என்று மாற்றினார். வேண்டுமென்றே பிழையான பதிவொன்றை அனுப்பிப் பார்த்தார். உள்ளே எதுவும் இல்லை. ‘ஒன்றும் பதிவாகவில்லை, திருத்தி அனுப்புக’ என்ற வரியை நான் எழுதிக் கொடுத்தேன்.

அதற்கிடையில் அக்கா தேத்தண்ணி குடித்து முடித்திருந்தார். கிணற்றைத் தானே காட்டி, பொத்தானையும் தானே அழுத்தினார். அவர் பெயர், இரண்டு துண்டுக் காணி, அதே கிணறு.

“அண்ணையின்ரை பதிவிலையும் இதே கிணறு நிக்குதோ?”

“ஓம், அக்கா.”

“அப்ப சரி.”

விதை கொடுத்த நாளில் இருவரின் மூட்டைகளும் அண்ணனின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. திங்கட்கிழமை கிணற்றில் இறைப்பது யாருடைய முறை என்று இருவரும் உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இறைப்பு முறையையும் படிவத்திலை சேர்க்கட்டோ?” என்று பெண் கேட்டார்.

“அதை மட்டும் சேர்க்காதையும், பிள்ளை,” என்றார் அக்கா, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தபடி. “பிறகு நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?”