விசில் அடித்தால் பக்கம் திருப்பு

எங்கள் பள்ளி நூலகருக்கு நாங்கள் வைத்த பெயர் உஷ் மிஸ். அவர் யாரையும் பார்த்து உஷ் என்று சொன்னதே கிடையாது. சொல்வதற்கு ஆள் வந்தால்தானே. இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரே ஜன்னல் வைத்த அறை. நாலு இரும்பு அலமாரி, முந்நூற்றுப் பதினொரு புத்தகம், கால் ஆடும் ஒரு மேசை. மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததையும் சேர்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு.

காலை எட்டே முக்காலுக்குக் கதவைத் திறப்பார். அலமாரிகளைத் துடைப்பார். ரப்பர் முத்திரையில் அன்றைய தேதியைத் திருகி வைப்பார். ஒரு புத்தகம்கூட வெளியே போகாத நாளிலும் அந்தத் தேதி மட்டும் மாறிவிடும். போன பருவத்தில் இரவல் பதிவேட்டில் மொத்தம் பத்தொன்பது பெயர்கள். அதில் ஏழு அவருடையதே.

நாங்கள் எப்போதாவது அங்கே போவது வெயிலில் ஓடச் சொல்லும் விசில் சாரிடமிருந்து ஒளிந்துகொள்ள. விசில் சார் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். மனிதர் பேசுவதைவிட ஊதுவது அதிகம். எனக்கு மட்டும் அந்த அறையில் இன்னொரு வேலையும் இருந்தது. ஆறாவது படிக்கும்போது ஒன்பது கதைப் புத்தகங்களின் கடைசித் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். முடிவு தெரியாமல் யாராவது தவிப்பதைப் பார்க்க ஆசை. இரண்டு வருடம் காத்திருந்தேன். ஒருத்தரும் தவிக்கவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் போனால்தானே தவிப்பதற்கு. ஒரு குறும்பு இந்த அளவுக்கு வீணாய்ப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டுச் செய்தித்தாளும் கையுமாகத் திரும்பினார். பக்கத்துப் பள்ளியில் ஐந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து படித்தார்களாம். படத்தோடு போட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானமே உஷ் மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கு வெளியே முட்டி போட்டிருந்ததால் முழுசும் என் காதில் விழுந்தது.

"ஆறு, ஏழு, எட்டுன்னு மூணு வகுப்பும் சேர்த்து அறுநூத்தி நாப்பது பேர். மைதானத்துல உக்காந்து படிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றார். மொட்டை மாடியிலேர்ந்து போட்டோ. மேலேர்ந்து பாத்தா விரிச்சு வெச்ச புத்தகம் மாதிரி தெரியணும்."

"புத்தகம் முந்நூறுதான் சார் இருக்கு."

"கையில ஏதோ ஒண்ணு இருந்தா சரி மேடம். அட்டை போட்டிருக்கணும், அவ்வளவுதான். இன்னொண்ணு, ஆளாளுக்கு ஒரு நேரத்துல பக்கம் திருப்பினா படம் நல்லா வராது. விசில் அடிச்சா எல்லாரும் ஒண்ணா திருப்பணும்."

"மெதுவா படிக்கிற பிள்ளைங்க?"

"வேகமா படிக்கப் பழகட்டும்."

தலைமையாசிரியர் குரலை இறக்கினார். "பத்தொம்பது பேருக்காக ஒரு ரூமை ஒதுக்கி வெச்சிருக்கோம் மேடம். பந்து, வலையெல்லாம் வராண்டாவுல கிடக்கு. நிகழ்ச்சி நல்லா நடந்து, பிள்ளைங்களுக்குப் படிக்கிற ஆர்வம் வந்திருக்குன்னு அதிகாரி எழுதினா நூலகம் நூலகமாவே இருக்கும். இல்லேன்னா திங்கக்கிழமை காலி பண்ணிடலாம். நீங்க ஆபீஸ்ல தபால் பிரிக்கலாம்."

உஷ் மிஸ்ஸின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. அவர் கணவர் சாப்பாட்டு மேசையிலேயே மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். அன்று சாயங்காலம் நான் படியில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் பேசுவது கேட்டது.

"ஏங்க, விசிலுக்குப் பக்கம் திருப்பணுமாம்."

"அறுநூறு கை எதுக்கு? புத்தகத்துக்கு ஒரு சின்ன மோட்டார் வெச்சுத் தர்றேன். பிள்ளைங்க கண்ணை மூடி நிம்மதியா தூங்கலாம்."

"ரூம் போயிடும்ங்க."

கம்பி சுற்றும் சத்தம் நின்றுவிட்டது. "அப்படின்னா பக்கம் திருப்பற மாதிரி பண்ணிடு," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாளாக எங்களுக்கு உட்காரத்தான் பயிற்சி. படிக்க அல்ல. அட்டை பளபளப்பாக இருந்த புத்தகங்கள் முன்வரிசைக்குப் போயின. நடுவரிசைக்குக் காகித உறை போட்ட பழைய வினாத்தாள் கட்டுகள். கடைசி வரிசையில் எனக்குக் கிடைத்தது பழைய தொலைபேசிப் பட்டியல். என் தோழிக்குச் சலவை இயந்திரத்தோடு வந்த கையேடு.

"உன்னோடது என்னடி கதை?"

"துணியை அளவுக்கு மேல போடக் கூடாதாம்."

"என்னோடதுல ஆளுங்க ஜாஸ்தி. கதைதான் நகர மாட்டேங்குது."

ஒன்பதரைக்கு வர வேண்டிய அதிகாரி பத்தரைக்கும் வரவில்லை. விரித்து வைத்த புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, மேலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. விசில் சார் ஊதி ஊதி முகம் சிவந்துபோனார். தலைமையாசிரியர் மைக்கை எடுத்து உஷ் மிஸ் கையில் திணித்தார். "ஏதாவது படிங்க மேடம். கொஞ்ச நேரம் அடங்கி இருக்கட்டும்."

மிஸ் தன் கைப்பையிலிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அந்த அட்டையைப் பார்த்ததும் தொலைபேசிப் பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நான் கை வைத்த ஒன்பதில் ஒன்று.

கதையில் ஒரு தபால்காரர். ஒருநாள் தபால் பையில் அவர் பேருக்கே ஒரு கடிதம். கையெழுத்தும் அவருடையதே. ஆனால் அவர் எழுதவில்லை. 'வியாழக்கிழமை யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே' என்று ஒரே ஒரு வரி. மிஸ்ஸுக்கு மேடைக் குரல் கிடையாது. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகப் படித்தார். திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை வருவதற்குள் மைதானத்தில் ஒரு இருமல்கூட இல்லை. விசில் சார் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார், ஊதாமல்.

வியாழக்கிழமை. கதவு தட்டும் சத்தம். தபால்காரர் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது.

தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். விசில் ஒலித்தது. ஒருவரும் பக்கம் திருப்பவில்லை. "திறந்தாரா? திறந்தாரா?" என்று வரிசை வரிசையாகக் கிசுகிசுப்பு ஓடியது. இரண்டாவது விசிலுக்கு முன்வரிசை மட்டும் திருப்பியது. மொட்டை மாடியில் போட்டோக்காரர் தலையில் கை வைத்தது கீழிருந்தே தெரிந்தது. அதிகாரி வாசிப்பின் மேன்மை பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். கடைசியில், "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க," என்றார்.

ஆறாவது படிக்கும் ஒரு பொடிசு எழுந்தாள். "அந்தத் தபால்காரர் கதவைத் திறந்தாரா சார்?"

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் மைக்கை வாங்கினார். "திறந்தார், திறந்தார். உக்காரு."

அறுநூற்று நாற்பது பேரும் ஒன்றாக ஒரு காரியம் செய்தது அப்போதுதான். ஒருவரும் நம்பவில்லை. "பொய்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. எங்கிருந்து என்று நான் சொல்லப் போவதில்லை.

அதிகாரி ஒரு வரியும் எழுதாமல் காரில் ஏறினார். "திங்கக்கிழமை காலி பண்ணிடுங்க," என்று தலைமையாசிரியர் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான இடைவேளையில் நூலகத்துக்கு முன்னால் வரிசை. படிக்கட்டில் இறங்கி, கீழ்த்தளத்தைத் தாண்டி, தண்ணீர்க் குழாய் வரைக்கும். புத்தகமோ ஒன்றே ஒன்று. மிஸ் பதிவேட்டைத் திறந்து பெயர்களை எழுதிக்கொண்டே போனார். சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்; புத்தகத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. முப்பத்தோராவது விசில் சார். "வீட்டுல பொண்ணு கேப்பா," என்றார். அவர் பொண்ணுக்கு ஒரு வயது.

எனக்கு மட்டும் வேறு கவலை. முதல் ஆள் கடைசித் தாளுக்கு வந்ததும் விஷயம் வெளியே வந்துவிடும். ஏமாந்த பிள்ளைகள் திரும்பி வரவே மாட்டார்கள். வரிசை போனால் அறையும் போச்சு. வீட்டுக்கு ஓடி, பெட்டிக்கு அடியிலிருந்த ஒன்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மோட்டார்களுக்கு நடுவில் மிஸ் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தாள்களை நீட்டினேன்.

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த தபால்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நான் கிழித்த இடத்தில் கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. நீல மையில் அவருடைய கையெழுத்து.

"இது எப்ப மிஸ்?"

"நீ கிழிச்ச அதே மாசம். புதுசா வந்த புத்தகம், நான் பாதிதான் படிச்சிருந்தேன். பத்து நாள் தூக்கமே இல்ல. அப்புறம் நானே ஒரு முடிவு எழுதிக்கிட்டேன். மத்த எட்டுக்கும்தான்."

"நான்தான்னு தெரியுமா?"

"அந்த மாசம் அந்த ரூமுக்கு வந்ததே நீ ஒருத்திதான்."

ஆக, தவித்த ஆள் ஒருத்தர் இருந்திருக்கிறார். நான்தான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மிஸ் அந்தக் கதையின் அச்சுத் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். அதில் தபால்காரர் கதவைத் திறப்பதே இல்லை. தட்டும் சத்தம் நின்றுபோகிறது. மறுநாள் வேலைக்குப் போகிறார். மிஸ் எழுதியதில் திறக்கிறார். வாசலில் யாரும் இல்லை. இன்னொரு கடிதம் மட்டும், வேறு யாருக்கோ. தொப்பியை மாட்டிக்கொண்டு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிளம்புகிறார்.

"இவ்வளவுதானா? இதுக்கா பத்து நாள் தூங்காம இருந்தேன்," என்றார் மிஸ். அவர் கணவர் பசைப் புட்டியை நகர்த்தி வைத்தார். அச்சுத் தாளை நீல மைத் தாளுக்குப் பின்னால் ஒட்டினோம். இரண்டும் இருக்கட்டும் என்றார் மிஸ்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அலமாரி தூக்க நாலு ஆளோடு வந்தார். வரிசையைத் தாண்டி அவரால் கதவருகே போக முடியவில்லை. சனிக்கிழமை மிஸ் வீட்டுக்கே வந்து முதலில் படித்த பொடிசும் ஞாயிற்றுக்கிழமை வந்து படித்த பையனும் படிக்கட்டில் சண்டை.

"திறந்ததுதான்டா சரி."

"திறக்கலேன்னு அச்சுல இருக்குல்ல."

இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு வரிசையின் வாலில் போய் நின்றார்கள், இன்னொரு தடவை படிக்க. தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்தோராவது பெயரில் விரல் நின்றது.

"சரி மேடம். இந்த லிஸ்ட் முடியட்டும். முடிஞ்ச அன்னிக்குக் காலி பண்ணிக்கலாம்."

"சரிங்க சார்," என்றார் உஷ் மிஸ். முத்திரையில் தேதி சரியாக இருந்தது. முதல் முறையாகக் கூட்டத்தைப் பார்த்து, "உஷ்," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி ஆளுக்கு இரண்டு நாள். பள்ளி நாள் கணக்கில் முடிய ஒரு வருடம் ஆகும். வாரம் ஒரு முறை போய்ப் பட்டியலின் கடைசியில் என் பெயரை எழுதிவிட்டு வருகிறேன். கையெழுத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொள்கிறேன்.