எல்விராவின் நிலத்தில் எல்விரா

டெக்சாஸின் பிளானோவில் இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது எல்விராவின் மகன் டேனியலின் அழைப்பு வந்தது. "அம்மா இன்று காலை போய்விட்டார்" என்றார். அடுத்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. "தெற்கே எங்கள் குடும்பக் கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்த நிலத்தை இப்போது வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள் முடியாது என்கிறார்கள். இங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

எல்விராவை அறிந்தவர்கள் என் பதிலை ஊகித்திருப்பீர்கள். "சத்தியம் வாங்கியது உங்கள் அம்மா. அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன். டேனியல் சிரித்துவிட்டார். பிறகுதான் அழுதார்.

இந்த ஊர்த் தமிழர்களில் பலருக்கு அவர் 'எல்விரா மேடம்'. ஓய்வுபெற்ற செவிலியர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுத்தவர். பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட நம் அப்பா அம்மாக்கள்தான் அங்கே பாதிப்பேர். கரூரிலிருந்து வந்த என் மாமனாரைக் கொண்டுபோய் விடப்போன நான், சில வாரங்களில் அந்த வகுப்பின் மொழிபெயர்ப்பாளராகவே ஆகிவிட்டேன். அப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது.

தேர்வில் ஒரு கேள்வி உண்டு. ஆயிரத்து எண்ணூறுகளில் அமெரிக்கா நடத்திய போர்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். பதில்கள் நான்கு, எது சொன்னாலும் சரி. என் மாமனார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்த மேடத்துகிட்டச் சொல்லு. நான் சிவில் வார்னே சொல்லிப்போடறேன். அதுதான் வாயில சுளுவா நுழையுது."

மொழிபெயர்த்தேன். எல்விரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "தாராளமாகச் சொல்லலாம், பாஸ் ஆகிவிடுவீர்கள். ஆனால் என் வகுப்பில் மெக்சிகோ போர் என்றுதான் சொல்லவேண்டும். அது என் வீட்டு வாசலில் நடந்த சண்டை."

அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னதை நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே இருந்தது அவர்கள் ஊர். அந்தப் பகுதி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதில்தான் போரே மூண்டது. 1848இல் குவாதலூப்பே இதால்கோ என்ற இடத்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் கைமாறின. அதுவரை மாட்டைக் குளிப்பாட்டிய ஆறு, எல்லையாகிவிட்டது. அக்கரையில் கட்டிக்கொடுத்த பெண் அயல்நாட்டவள் ஆனாள். இக்கரையில் இருந்தவர்கள் ஓராண்டுக்குள் தாங்கள் மெக்சிகோக்காரர்களா என்று சொல்லவேண்டும். வாய் திறக்காவிட்டால் அமெரிக்கர்கள். அவர்களுடைய சொத்து மதிக்கப்படும் என்றும் உடன்படிக்கை வாக்குக் கொடுத்தது.

"மதித்தார்களா?" என்று கேட்டார் என் மாமனார்.

"முதலில் வழக்கு வந்தது. பிறகு வரி வந்தது. கடைசியில் வேலி வந்தது" என்றார் எல்விரா. "என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை. மெக்சிகோவில் தூங்கி எழுந்தவர் அமெரிக்காவில் சாப்பிட உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தில் அவருக்காகக் கையெழுத்துப் போட்டது யார்?"

தேர்வு நாளன்று அறையிலிருந்து வெளியே வந்ததும் மாமனார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மெக்சிகோ போருன்னுதான் சொன்னேன், மேடத்துகிட்டச் சொல்லிரு."

அந்தக் கல்லறையை எல்விரா உயிரோடிருந்தபோதே ஒருமுறை பார்த்திருக்கிறேன். குடும்பத்தின் பழைய நிலம் இப்போது பணம் கட்டி மான் வேட்டையாட வருவோருக்கான ஒரு பெரிய பண்ணைக்குள் இருக்கிறது. மெஸ்கீட் முள்மரங்களுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் சிலுவைகள். கல்லறைக்குப் போய்வர வழிவிட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். அதனால் பண்ணை மேலாளர் கதவைத் திறந்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் "தேங்க் யூ" என்றேன். எல்விரா என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். "நம் வீட்டுக்கதவைத் திறந்ததற்கு நாமே நன்றி சொன்னால், கதவு அவருடையது ஆகிவிடும்" என்றார்.

திரும்பும் வழியில் எல்லைக் காவல்படையின் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடி. எல்லை எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. இளம் அதிகாரி என் கிரீன் கார்டைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தார். எல்விராவிடம் குனிந்து, "நீங்கள் எந்த நாட்டுக் குடிமகள், மேடம்?" என்று கேட்டார்.

"அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார் எல்விரா. "நாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உங்கள் ஆட்கள் வந்து சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கம்."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். "எல்விரா, ப்ளீஸ், யு.எஸ். சிட்டிசன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சொல்லப்போகிறேன். அது உண்மைதானே? ஆனால் இந்தப் பையன் இன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு கேள்வியைக் கொண்டுபோகட்டும்." சொன்னார்; விட்டுவிட்டார்கள். வழிநெடுக நான்தான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தக் கடையில் சோளமாவில் அவிக்கும் டாமாலே நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

அடக்கத்தன்று பண்ணைக்கதவில் பூட்டுத் தொங்கியது. மேலாளர் உள்ளே நின்றுகொண்டு, வந்து பார்க்கத்தான் உரிமை, புதைக்க உரிமையில்லை என்றார். குடும்பம் அந்த உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிய வழக்கறிஞர் கடிதத்தை டேனியல் நீட்டினார். மேலாளர் அதை வாங்கக்கூட இல்லை. டேனியல் திரும்பி என்னைப் பார்த்தார். மென்மையான மனிதர், பள்ளியில் இசை ஆசிரியர். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பெட்டியை இறக்குங்கள்" என்றார்.

கதவுக்கு நேர் எதிரே சாலையோரத்தில் பெட்டியை வைத்தோம். யாரோ ஒரு தார்ப்பாயைக் கட்டி நிழல் உண்டாக்கினார்கள். பெண்கள் ஜெபமாலையைத் தொடங்கினார்கள். செய்தி பரவி, சுற்றுவட்டாரத்திலிருந்து சொந்தக்காரர்கள் பிக்கப் வண்டிகளில் வந்துகொண்டே இருந்தார்கள். அக்கரையிலிருந்து பாலம் கடந்து வந்தவர்களும் உண்டு. அன்று அயல்நாட்டவள் ஆன அந்தப் பெண்ணின் வம்சம். என் மாமனாரும் வந்திருந்தார். வெயில் ஏறியது. "கார்ல போயி ஏ.சி.ல உக்காருங்க மாமா" என்றேன். "மேடம் வெயில்ல கெடக்கறாங்க, எனக்கென்ன ஏ.சி.?" என்று அங்கேயே நின்றார்.

யாரும் கத்தவில்லை. யாரும் கதவைத் தொடவில்லை. யாரும் போகவுமில்லை.

மேலாளர் அழைத்ததன் பேரில் ஷெரிஃப் காவல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு முன் சிலுவைக்குறி போட்டார். பிறகு டேனியலிடம் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். கதவருகே போய் மேலாளரோடு பேசினார். "இவர்களைக் கைது செய்ய என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. உங்கள் முதலாளி வழக்குப் போடட்டும். அதுவரை இவர்கள் இங்கேதான் இருப்பார்கள், நாளையும் இருப்பார்கள். எனக்கு இவர்களைத் தெரியும்" என்றது எங்கள் காதில் விழுந்தது. மேலாளர் போனை எடுத்துக்கொண்டு தன் காருக்குள் போனார். நெடுநேரம் கழித்து வந்து பூட்டைத் திறந்தார்.

குழியை உறவினர்களே தோண்டினார்கள். மண் கல்லாக இறுகியிருந்தது. மண்வெட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. என் மாமனாரும் ஒரு முறை வாங்கி வெட்டினார். தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் எல்விராவை இறக்கினோம். பிடி மண் போட்டேன்.

வெளியே வரும்போது மேலாளர் கதவைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு தடவைதான்" என்றார்.

சட்டையெல்லாம் மண்ணாக இருந்த டேனியல் நின்றார். "இல்லை" என்றார். "அடுத்தது நான்."

பண்ணை வழக்குப் போடும் என்கிறார்கள். போடட்டும். எல்விரா அங்கே படுத்தாகிவிட்டது.

இறந்தவரின் புன்னகையையும் கனிவையும் நினைவில் வைத்துக்கொள்வதாக எழுதுவது வழக்கம். கனிவு அவரிடம் நிறையவே இருந்தது. அதை மகன் வைத்துக்கொள்ளட்டும். நான் எடுத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. குரலை உயர்த்தாத, யாரையும் வெறுக்காத, இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராத கோபம். பிழைக்க வந்த இடம் என்று இத்தனை ஆண்டுகளாக ஒதுங்கியே நின்ற எனக்கு, அது கொஞ்சம் பெரிய அளவுச் சட்டைதான். போட்டுக்கொள்ளப் பழகுவேன்.