முட்டை பார்க்கும் வேலை

கடையில் முட்டை வாங்கும்போது என் மனைவி ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். "உங்க வீட்டம்மா எக்ஸ்ரே எடுக்காம வாங்க மாட்டாங்க" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார். தொழில் பழக்கம், என்ன செய்வது? ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிக்கான கிருமியை முட்டைக்குள்தான் வளர்ப்பார்கள். அந்த ஊசி தயாரிக்கும் தொழிற்சாலையின் இருட்டறையில் இவள் முட்டை பார்த்தாள். விளக்கின் மேல் வைத்தால், கரு உயிரோடு இருப்பதற்கு அடையாளமாக உள்ளே சிவப்பு நூலாக நரம்பு ஓட வேண்டும். ஓடாததை எடுத்துவிடுவாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. நான் ஒருமுறை முயன்றேன்.

பறவைக் காய்ச்சல் பரவிய வருடம் அது. மனிதருக்குத் தாவினால் ஊசி வேண்டுமே என்று தொழிற்சாலை பரபரத்தது. முட்டை தரும் கோழிகளுக்கு நோய் வந்தால் ஊசியே இல்லை. அதனால் ஊழியர் வீட்டில் எந்தப் பறவையும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எங்களிடம் ஒரு கோழி இருந்தது. மாதத்துக்கு இரண்டு முட்டை, நாள் முழுக்கச் சத்தம். அதனால் மேனேஜர் என்று கூப்பிடுவேன். அதை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அக்கா வீட்டில் விட்டுவிட்டதாக இவளிடம் புளுகிவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பதினைந்து வருடம் காத்திருந்து, அந்த மாதம்தான் இவளுக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைக்க இருந்தது. தொழிற்சாலை அதிகாரி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"கோழி, வாத்து, புறா ஏதாவது?"

"எதுவும் இல்ல சார்" என்றேன். மாடியில் மேனேஜர் கொக்கரித்தது. "அது பக்கத்து வீட்டுது."

இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இல்ல சார், எங்க கோழிதான். எழுதிக்குங்க."

ஒரு மாதம் உள்ளே வரக்கூடாது என்றார்கள். பதவி பக்கத்து இருக்கைக்காரிக்குப் போனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? ஒத்தக் கோழி!"

"கெட்ட முட்டைய நான் எடுத்துடுவேன். நானே கெட்டுப் போயிருந்தா யாரு எடுக்கறது?"

பயந்தபடி தொழிற்சாலைக் கோழிகளுக்கு நோய் எதுவும் வரவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்று வருடக்கணக்கில் சொல்லிக் காட்டினேன். நான் கோழியை ஒளித்ததை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சூப்பர்வைசர் ஆகாமலே ஓய்வு பெற்றாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

சென்ற வாரம் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். நர்ஸ் மருந்துச் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, மெல்லத் திருப்பிப் பார்த்தாள். சட்டைக் கையை மடிக்க மறந்து நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்கா தாத்தா?"

"இல்லம்மா" என்றேன். "நல்லாப் பாரு. அவசரமே இல்ல."