உப்புத் தேத்தண்ணியும் இரண்டு கரிக்குச்சியும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். சிரிக்கக் கூடாது. அதற்கு முன் வந்துபோன வீட்டார், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கெடுத்தாலும் சிரிக்குது" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் மீசையில் வடைத்துண்டு ஒட்டிக்கொண்டு ஆடினால் நான் என்ன செய்வது? அழவா முடியும்?

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. அதனால் எங்களுக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சற்று மேலே ஒரு தனிவீடும், வீட்டில் ஒரு ரேடியோவும் இருந்தன. கரண்டு கிடையாது. செங்கல் பருமனில் ஒரு பேட்டரியை மாட்டினால்தான் ரேடியோ பாடும். அது தீர்ந்துவிடுமே என்று அப்பா எங்களைச் செய்தி மட்டும் கேட்க விடுவார். பாட்டு ஆரம்பிக்கும்போதே அவர் கை திருகில் இருக்கும்.

இந்த முறை வந்தவர் ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். அவரும் அவருடைய அம்மாவும் பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் வந்து, ரோட்டில் இறங்கி, மழையில் தேயிலைக்குள் நடந்து வந்தார்கள். வாசலில் நின்று அந்த அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் கணுக்காலில் கொழுத்த அட்டை.

அட்டைக்கென்றே எங்கள் வீட்டில் தனி உப்பு உண்டு. கல்லுப்பு காலில் நிற்காது என்பதால் அம்மியில் மாவாக அரைத்து, டின்பால் டப்பாவில் போட்டுக் கதவோரம் வைத்திருப்போம். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா அதில் ஒரு கை அள்ளிக் காலில் பூசிக்கொண்டு போவாள். அப்பா ஓடிவந்து அந்த உப்பைத் தூவி அட்டையை விழவைத்தார். சம்பந்தியாக வரப்போகிறவரின் காலைக் காப்பாற்றிய பெருமையில் டப்பாவைக் கதவோரம் வைக்க மறந்து, அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சீனியும் டின்பால் டப்பாவில்தான் இருந்தது.

அம்மா பார்க்காமலே கைக்கு வந்த டப்பாவிலிருந்து அள்ளித் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினேன்.

வாத்தியார் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மீதியையும் மடமடவென்று குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. என் அழகில் மயங்கித்தான் கண் கலங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருடைய அம்மா ஒரு வாய் குடித்து, எழுந்துபோய் வாசலில் துப்பினார். "உப்பு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் ஒரு கோப்பை அட்டை உப்பை எனக்காக முழுங்கியிருக்கிறார். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். சிரிப்பும் வந்து தொலைத்தது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

"வேற ஊத்தித் தர்றேங்க" என்று அம்மா பதறினாள்.

"வேணாங்க" என்றார் அந்த அம்மா. "பொண்ணு கையால வர்ற மொதக் கோப்பைதான் எனக்குச் சகுனம். அதுவே இப்படின்னா ரெண்டாவது எதுக்கு? தம்பி, எந்திரி. பஸ்ஸப் புடிக்கணும்."

வாத்தியார் எழுந்தால் எல்லாம் முடிந்தது. அவரோ அசையவில்லை.

"உக்காருங்கம்மா. மொதக் கோப்பைதானே வேணும்? இதே தேத்தண்ணியில இருந்து உப்ப மட்டும் எடுத்துத் தர்றேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, "செத்த டோர்ச் பேட்டரி இருக்குங்களா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இல்லாமலா? சூடு காட்டினால் இன்னும் இரண்டு நாள் எரியும் என்று அடுப்புத் திட்டில் அடுக்கி வைத்திருந்தோம். எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் இரண்டை உடைத்து, நடுவிலிருந்த கரிக்குச்சிகளை உருவிக் கழுவினார். உப்பில் இரண்டு பங்கு இருக்கிறதாம். கரண்டு கொடுத்தால் ஒன்று இந்தக் குச்சிக்கு ஓடுமாம், மற்றது அந்தக் குச்சிக்கு. குச்சிகளைத் தூக்கினால் உப்பும் கூடவே வந்துவிடுமாம். எல்லோரும் தலையாட்டினோம். கரண்டுக்கு எங்கே போவது? அவர் கண் வீட்டைச் சுற்றிவந்து ரேடியோவில் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகளா, பேட்டரியா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தார்.

பேட்டரி வந்தது. அந்த அம்மா மிச்சம் வைத்த கோப்பையை நான் பிடித்துக்கொண்டேன். கம்பி கட்டிய குச்சிகளை அவர் உள்ளே விட்டார். விட்டதுதான் தாமதம், தேத்தண்ணி பொங்கிக் குமிழிவிட்டது. செம்மண் நிறமாக இருந்தது மெல்ல மெல்ல வெளுத்து, கஞ்சித்தண்ணி மாதிரி ஆனது.

"பாருங்கம்மா, வேலை செய்யுது" என்றார். உப்பு போகிறது, நம் கல்யாணம் நடக்கப் போகிறது என்று என் மனம் குதித்தது. என் மாமியார், அப்போது இன்னும் மாமியார் ஆகாதவர், நன்றாகக் குனிந்து கோப்பைக்குள் மூக்கை நீட்டினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவும் பிளீச்சிங் தூள் இருக்கிறதே, அதே நாற்றம் குப்பென்று கிளம்பியது. அந்த அம்மா இருமிக்கொண்டு வெளியே ஓடினார். அம்மா ஓடினாள். அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லோரும் மழையில் நின்றோம். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. முந்தானை போன இடம் தெரியாமல் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மகனிடம் கேட்டார். "உப்பு போச்சா?"

அவர் கோப்பைக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, உப்பு அப்படியே இருக்கு. நெறந்தான் போயிருக்கு."

அந்த அம்மா நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னார். "நீங்க தேத்தண்ணியத்தாங்க கெடுத்தீங்க. இவன் வீட்டையே நாறடிச்சுப்புட்டான். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் பொண்ணு வேணாங்கிறது? அந்த ரெண்டாவது கோப்பைய ஊத்துங்க."

சிரிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உதட்டோரமும் துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கு ரேடியோ பாடவில்லை. புதுப் பேட்டரியோடு வாத்தியார் அடுத்த ஞாயிறு வந்தார். பேட்டரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கல்யாணம் வரைக்கும் அந்தப் பேட்டரியைப் போலக் கவனிக்கப்பட்ட பேட்டரி எந்தத் தோட்டத்திலும் இருந்திருக்காது.

பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் பத்திரிகையும் கையுமாக அடுப்படிக்கு ஓடிவந்தார். எங்கேயோ வெளிநாட்டில், நுண்ணிய துளைகள் நிறைந்த கரித்தகடுகளுக்கு நடுவே உப்புத்தண்ணீரை விட்டு, மிகக் கொஞ்சமாகக் கரண்டு கொடுத்து உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்களாம். குமிழியும் வராதாம், நாற்றமும் வராதாம்.

"பாத்தியா, அன்னைக்கு நான் சொன்னது சரிதான். கரண்ட்டக் கொஞ்சம் கொறைச்சிருக்கணும், அவ்வளவுதான்."

"கொறைச்சிருந்தீங்கன்னா வீடு நாறியிருக்காது, உங்க அம்மா அந்த பஸ்ஸப் புடிச்சிருப்பாங்க" என்றேன்.